ஒன்றை மட்டும் ஆட விடு

என் கையெழுத்தை முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதன் பிறகு என் கை பிடித்ததெல்லாம் வெட்டுக்கத்தியும் உப்புத்தாளும்தான். ‘ர’வும் ‘ற’வும் எனக்கு இன்றைக்கும் தகராறு. இப்போது விரல்களும் நடுங்குகின்றன. வேலையை விட்டதும் அதனால்தான். வாசிக்க முடியாத இடங்களை வசந்தி சரிசெய்து தருவார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நேரில் வந்து சொல்லும்படிதான் அவர் கேட்டார். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சொல் வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வசந்தி என் முதலாளியாக இருந்த தம்பிராசா ஐயாவின் மகள். பாடசாலைகளுக்கும் கண்காட்சிகளுக்கும் மாதிரி உருவங்கள் செய்யும் ஐயாவின் பட்டறை அப்போது கொட்டாஞ்சேனையில் இருந்தது. இப்போது அதை வசந்தி வெள்ளவத்தையில் நடத்துகிறார். போன மாதம் பழைய மாதிரிகள் சில பழுதுபார்க்க அவரிடம் வந்திருக்கின்றன. எல்லாம் எங்கள் கையால் செய்தவை. ஒரு கப்பல், ஓர் அணைக்கட்டு, மனித இதயம் ஒன்று, ஒரு ரயில் எஞ்சின். என்னைக் கூப்பிட்டு மேசையில் வைத்து ஒவ்வொன்றாக ஆட்டிக் காட்டினார்.

“முத்தையா அண்ணை, இதைக் கேளுங்கோ. அப்பா செய்த சாமான் எல்லாத்திலயும் ஏதோ ஒண்டு லூசா ஆடுது. கடைசிக் காலத்தில அப்பாவுக்குக் கை விட்டிட்டுதோ?”

பக்கத்தில் நின்ற பையன்களில் ஒருவர், “அந்தக் காலத்துப் பசை அப்படித்தான் மிஸ்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அதே மேசையில் அவர்கள் புதிதாகச் செய்யும் ரொக்கெட் ஒன்றும் கிடந்தது. இயந்திரத்தில் அச்சடித்த மூக்கு, குழலில் நிற்காமல் கழன்று விழுந்துகொண்டே இருந்தது. “இதுக்கும் ஒரு வழி சொல்லுங்கோ,” என்றார் வசந்தி.

இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே வேலையை முதலில் சொல்கிறேன்.

நான் ஹட்டன் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வந்து, ஐயாவின் பட்டறையில் கூட்டித் துடைக்கிற வேலையில் சேர்ந்தேன். பிறகு பசை காய்ச்சினேன், பிறகு அட்டை வெட்டினேன், பிறகு பொருத்துகிற மேசைக்கு வந்தேன். அதற்குள் மீசை முளைத்து நரைக்கவும் தொடங்கிவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

தம்பிராசா ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த ஆள். வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் மடித்திருப்பார். அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. ஒரு சாமான் முடிந்தது என்று சொன்னால் அதை இரண்டு கையாலும் எடுப்பார். கண்ணால் பார்க்க மாட்டார். காதருகில் வைத்து, தூங்கும் குழந்தையை அசைப்பதுபோல மெல்ல ஆட்டுவார். உள்ளே ஏதாவது ‘டக்’ என்றால், “இது இன்னும் கதைக்குது, முத்தையா,” என்று சொல்லி மேசையில் வைத்துவிட்டு, பிளேன்டீ குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் எது கதைக்கிறது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சத்தமும் இல்லாவிட்டால் “ம்” என்பார். அந்த “ம்” வாங்குவதற்காக நான் பல நாள் மத்தியானச் சோற்றை மறந்திருக்கிறேன். ஆடுகிற சாமான் பட்டறையை விட்டுப் போகக் கூடாது. எங்களுக்கு இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

பெயின்ட் வேலைக்கு சோமபால இருந்தார். சிங்களவர், என்னைவிட மூத்தவர். “மல்லி, உன்ட ஐயாவுக்கு காது இல்ல, டொக்டர்ட குழாய் இருக்கு,” என்று பகிடி பண்ணுவார். மல்லி என்றால் தம்பி.

தளர்ந்த பகுதியை இறுக்குவது எப்படி என்று கேட்டீர்கள். முதலில், பசையைத் தொடாதீர்கள். புதிதாக வந்தவர்கள் செய்கிற பிழை அது. ஓட்டை பெரிதாக இருந்தால் பசையை ஊற்றி நிரப்பிவிடுவார்கள். பசை காய்ந்ததும் சுருங்கும், மறுபடி ஆடும், பிறகு கழற்றவும் முடியாது.

ரொக்கெட்டின் மூக்கை எடுத்துக்கொள்வோம். மூக்கின் அடியில் குழலுக்குள் இறங்குகிற கழுத்து இருக்கிறதே, அதில்தான் வேலை. மெல்லிய தாளை விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டிய முனையை நேராக விடாமல் உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்குங்கள். இல்லாவிட்டால் முனை இருக்கும் இடத்தில் புடைத்து, மூக்கு ஒருபக்கம் சாயும். முனைக்கு மட்டும் பசை தொட்டுக் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். குழலில் போட்டுப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு சுற்று, ஆனால் முன்சுற்று முடிந்த இடத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். கூடிவிட்டால் உருவிவிடலாம். பசை போட்டால் உருவ முடியாது. டேப் சுற்றலாம்தான். ஆனால் கொழும்பு வெயிலில் டேப்பின் பசை வேர்த்து வழுக்கும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் அட்டைக் குழல் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். தாள் சுற்றினால் அதுவும் குழலோடு சேர்ந்து ஊதிச் சுருங்கும். கடைசியில் மெழுகுதிரியால் ஒரு தரம் தேய்த்துவிடுங்கள்.

இனிப் பரிசோதனை. மூக்கைப் பிடித்து ரொக்கெட்டைத் தூக்குங்கள். குழல் தன் பாரத்தோடு தொங்க வேண்டும், விழக் கூடாது. பிறகு கையை ஒரு உதறு உதறுங்கள். அப்போது கழன்று வர வேண்டும். வராவிட்டால் மேலே போன ரொக்கெட், உள்ளே மடித்து வைத்த பாராசூட் குடையை விரிக்காமல் அப்படியே கீழே வந்து குத்தும். அடியில் சிறகுபோல நிற்கிற செட்டைகளுக்கு இந்தக் கணக்கு இல்லை. அவை அசையவே கூடாது. செட்டை இறங்குகிற வெட்டுவாய்க்குள் மரச்சீவலை மெல்லியதாகச் சீவி, இரண்டு பக்கமும் சமமாகச் செருகி, பிறகுதான் ஒட்ட வேண்டும்.

இதையெல்லாம் நான் முழுமையாகச் செய்து பார்த்தது ஒரே ஒரு ரொக்கெட்டில்தான்.

அது நகுலன் மாஸ்டரின் ரொக்கெட். வெள்ளவத்தையில் வாடகை அறையில் மனைவியோடு இருந்த விஞ்ஞான வாத்தியார் அவர். சண்டை கடுமையாக நடந்த காலம். கொழும்பில் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் இல்லாமல் நாங்கள் கடைக்குப் பாண் வாங்கவும் போவதில்லை. அப்படிப்பட்ட நாளில் ஒரு மனிதர் சாக்குப் பையிலிருந்து ரொக்கெட் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தால் எப்படி இருக்கும்? சோமபால தூரிகையைக் கீழே போட்டுவிட்டார்.

“பயப்பிடாதேங்கோ,” என்று மாஸ்டர் சிரித்தார். “காத்தாலதான் போகும். சைக்கிள் பம்ப். பாடசாலைக் கண்காட்சிக்கு.”

துணிக்கடையில் சீலை சுற்றி வருகிற அட்டைக் குழல்தான் உடம்பு. முகமூடி செதுக்குகிற கதுரு மரத்தில் கடைந்த மூக்கு. நிற்கிற பைப் ஒன்றின்மேல் இதைச் செருகி, பம்பால் காற்றடித்து, காற்றுத் திறப்பைத் திருப்பினால் மேலே போகும். நடுவில் ஓர் அட்டைத் தட்டு. அதற்குமேல் மடித்த குடைத்துணி. நெருப்பு இல்லை, வெடிமருந்து இல்லை. எல்லாம் அவரே செய்தது. நல்ல யோசனை, மோசமான வேலை. மூக்கு கழுத்தோடு ஆடியது. செட்டை மூன்றும் மூன்று பக்கம் பார்த்தன.

கூடவே அவரின் மனைவி புவனாவும் வந்திருந்தார். “ஐயா, நீங்களே சொல்லுங்கோ, இது ரொக்கெட்டோ, முத்தின முருங்கைக்காயோ? கட்டிலுக்குக் கீழ இதுதான் படுக்குது. எனக்குப் பூசாத பவுடரை இதுக்குப் பூசுறார், குழாயில வழுக்கட்டுமாம்.”

“நீர் சும்மா இரும்.”

“செக்பொயின்ற் கதையைச் சொல்லுங்கோவன் ஐயாவுக்கு.”

மாஸ்டர் கூச்சப்பட்டார். அந்தக் கதையைப் புவனாவே சொன்னார். காலி வீதியில் பையைத் திறந்து பார்த்த பொலிஸார், கணவன் மனைவி இரண்டு பேரையும் அப்படியே நிலையத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். அங்கே வயதான சார்ஜன்ட் ஒருவர் ரொக்கெட்டைக் கையில் எடுத்து ஆட்டினார். மூக்கு கழன்று அவருடைய மடியில் விழுந்தது. ஒரு செட்டை தேநீர்க் கோப்பைக்குள் போனது. நிலையமே சிரித்தது. “மாத்தயா, இது சந்திரனுக்குப் போகாது, பக்கத்துக் கிருலப்பனைக்கும் போகாது,” என்று சொல்லிச் சார்ஜன்ட் விட்டுவிட்டார். கண்காட்சிக்குக் கொண்டுபோகிற அன்றைக்கு மட்டும் ஒருதரம் நிலையத்தில் காட்டிவிட்டுப் போகும்படி சொல்லியிருந்தார்.

“சிரிச்சதுதான் எனக்குத் தாங்கேல்ல,” என்றார் மாஸ்டர். “கண்காட்சியிலயும் சிரிக்கப் போறாங்கள். ஐயா, இதை ஆடாமல் செய்து தருவீங்களோ?”

தம்பிராசா ஐயா ரொக்கெட்டைக் காதருகில் கொண்டுபோனார். மூக்கு மறுபடியும் கழன்றது. அதைக் கையில் ஏந்திக்கொண்டார். “இது கதைக்கேல்ல மாஸ்டர், கத்துது. வைச்சிட்டுப் போங்கோ.”

அந்த வேலையை ஐயா என்னிடம் தந்தார். நான் மேலே எழுதியதெல்லாம் அந்த மேசையில் நடந்தது. கழுத்துக்குத் தாள் சுற்றினேன். செட்டைகளைக் கழற்றி, வெட்டுவாயைத் திருத்தி, சீவல் செருகி நிறுத்தினேன். பைப்பில் இறங்குகிற அடிப்பகுதியைச் சவர்க்காரம் போட்ட கையில் வளையல் போவதுபோல ஆக்கினேன். சோமபால வெள்ளிப் பெயின்ட் அடித்தார். “மல்லி, இதுக்கு ஒரு சிவப்புப் பட்டி வேணும், நே?” என்று கேட்டு, ஒருவரும் பதில் சொல்லும் முன்னே அதையும் அடித்தார். பிறகு பக்கத்தில் கறுப்பில் ஓர் இலக்கமும் எழுதினார். உண்மையான ரொக்கெட்டுக்கு இலக்கம் இருக்குமாம்.

முடிந்த அன்று பின் முற்றத்தில் கொஞ்சமாகக் காற்றடித்துப் பார்த்தோம். கூரை உயரத்துக்கு எழும்பி, சாய்ந்து, மூக்கு கழன்று, குடைத்துணி விரிந்து, சோமபாலவின் தலையில் வந்து உட்கார்ந்தது. புவனா கைதட்டினார். மாஸ்டர் சின்னப் பிள்ளைபோலத் திரும்பத் திரும்ப, “இன்னொருக்கா, இன்னொருக்கா,” என்றார்.

ஐயா அதைக் காதருகில் வைத்து ஆட்டினார். ஒரு சத்தமும் இல்லை.

“ம்,” என்றார். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, “நல்லா வந்திருக்கு, முத்தையா,” என்றும் சொன்னார். என் வேலைக்காலம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

கண்காட்சிக்கு முந்திய கிழமை நகரத்தில் குண்டு வெடித்தது. பல பேர் செத்தார்கள், பொலிஸாரும் செத்தார்கள். கண்காட்சி நடக்குமா என்றே தெரியவில்லை. ஆனால் மாஸ்டர் சொன்ன சொல் தவறாத ஆள். சார்ஜன்ட் காட்டச் சொன்னார் என்று ரொக்கெட்டையும் பைப்பையும் பம்பையும் எடுத்துக்கொண்டு காலையில் நிலையத்துக்குப் போனார். ஒளித்துக் கொண்டுபோகவில்லை. தானாகத்தான் போனார்.

மத்தியானம் புவனா பட்டறைக்கு ஓடி வந்தார். வீட்டுச் செருப்போடு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கதிரை போட்டும் உட்காரவில்லை.

“ஐயா, அந்த சார்ஜன்ட் அங்க இல்லை. மாத்திப்போட்டாங்களாம். புது ஆள் இருக்கிறார். இவரை உள்ளுக்க இருத்திப்போட்டாங்கள். என்னை வீட்ட போகச் சொல்லுறாங்கள்.”

ஐயா எழும்பிச் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார். அவர் அப்படிப் போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். “சோமபால, நீயும் வா. முத்தையா, நீயும் வா. செய்தது நீதானே, காட்டத் தெரியும்,” என்றார்.

நிலையத்தில் எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தார்கள். உள்ளே கூப்பிட்டபோது மேசையில் ரொக்கெட் படுத்திருந்தது. நான் பல நாள் மடியில் வைத்து வேலை செய்த சாமான். அந்த மேசையில், பொலிஸாரின் துவக்குகள் சாய்த்திருந்த சுவருக்குப் பக்கத்தில் பார்த்தபோது எனக்கே பயம் வந்தது. வெள்ளி மினுங்கியது. சிவப்புப் பட்டி, கறுப்பு இலக்கம். பக்கத்தில் பைப். பின்னால் ஒரு மரவாங்கில் நகுலன் மாஸ்டர் இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். பொலிஸ்காரன் ஒருவன் அவர் தோளில் கைவைத்து இருத்திவிட்டான்.

அதிகாரி இளம் ஆள். கண் சிவந்திருந்தது. அந்தக் கிழமை அவருக்கும் நித்திரை இருந்திருக்காது. கூட வேலை செய்தவர்களைப் பறிகொடுத்தவர் என்று சோமபால பிறகு சொன்னார். சத்தம் போடவில்லை. சிங்களத்தில் மெதுவாகத்தான் கேட்டார்.

“இதை யார் செய்தது?”

“மாஸ்டர் செய்தார் சேர். நாங்கள் திருத்திக் கொடுத்தோம்,” என்றார் ஐயா.

“முந்தி இருந்த சார்ஜன்ட் இதை ஆட்டிப் பார்த்தாராம். மூக்கு விழுந்ததாம், செட்டை விழுந்ததாம், விளையாட்டுச் சாமான் என்று விட்டாராம். இவர் அப்படிச் சொல்கிறார்.” அவர் ரொக்கெட்டை எடுத்து எங்கள் முன்னால் ஆட்டினார். “எங்கே ஆடுகிறது?”

ஒரு சத்தமும் இல்லை.

“ஆடியது சேர். நாங்கள்தான் இறுக்கினோம்.”

“ஏன்?”

ஐயா அந்த மனிதரைப் பார்த்தார். இவ்வளவு காலமும் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. சிங்களத்தில் மட்டுமல்ல, தமிழிலும் அதற்கு அவரிடம் ஒரு பதில்தான் இருந்தது.

“ஆடியதால் சேர்.”

தன்னைப் பகிடி பண்ணுகிறார் என்று அதிகாரி நினைத்துவிட்டார். அவர் முகம் மாறியது. சோமபால குறுக்கே வந்து, நாங்கள் மாதிரி செய்கிறவர்கள், எங்களுக்கு இதுதான் தொழில், இதில் இருப்பது அட்டையும் மரமும் என்று படபடவென்று சொன்னார். தான் பெயின்ட் மட்டும்தான் அடித்ததாகவும், அதுவும் அழகுக்கு என்றும் சொன்னார். ஐயா மூக்கை ஓர் உதறில் கழற்றிக் குடைத்துணியை எடுத்து விரித்துக் காட்டினார்.

அதிகாரி குழலுக்குள் எட்டிப் பார்த்தார். “இந்த இடத்தில் துணிக்குப் பதிலாக வேறு ஏதும் வைக்கலாமா?”

ஐயா துணியை மறுபடி மடித்தார். வைக்கலாம்தானே. வெறும் குழலில் எதையும் வைக்கலாம்.

“என் மகனுக்கும் விளையாட்டுச் சாமான் இருக்கிறது,” என்றார் அதிகாரி. “எல்லாம் ஆடும். எல்லாம் உடையும். கண்காட்சியில் ஒரு நாள் வைக்கிற சாமானுக்கு ஏன் இவ்வளவு வேலை?”

ஐயா என் பக்கம் திரும்பினார். “முத்தையா, செட்டையைக் கழற்று. வெறும் பலகை எண்டு பார்க்கட்டும்.”

நான் எடுத்தேன். விரலை வைத்து இழுத்தேன். வரவில்லை. திருப்பிப் பிடித்து இழுத்தேன். சீவல் செருகி, பசை காயவிட்டு, அசையவே கூடாது என்று நான் நிறுத்திய செட்டை. நான் பொருத்திய ஒன்று என் கையில் கழன்று வரட்டும் என்று சாமியை வேண்டியது என் வாழ்நாளில் அன்றைக்குத்தான். எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். மாஸ்டரும் பார்த்தார். நகம் பிய்ந்து இரத்தம் வந்ததுதான் மிச்சம். அது அசையவில்லை.

“போதும், வை,” என்றார் அதிகாரி.

அன்று மாலையே மாஸ்டரை அங்கிருந்து கொண்டுபோய்விட்டார்கள். எங்களையும் தனித்தனியாக விசாரித்தார்கள். சோமபால அன்று இருந்திராவிட்டால் ஐயாவும் நானும் வீடு வந்திருப்போமா என்று தெரியாது. பிறகு மாஸ்டர் தெற்கே ஒரு தடுப்பு முகாமில் இருப்பதாகச் செய்தி வந்தது. புவனா மாதத்தில் ஒரு தரம் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். திரும்பும் வழியில் சில நேரம் பட்டறைக்கு வருவார்.

அவர் எங்களை ஒரு சொல் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு நாள் ஐயா, “பிள்ளை, அதை அப்படியே விட்டிருக்கலாம்,” என்று தொடங்கினார்.

“நீங்கள் என்ன செய்வீங்கள் ஐயா,” என்றார் புவனா. “நல்லாத்தானே செய்து தந்தனீங்கள்.”

ஐயா அதற்குப் பிறகு அவர் முன்னால் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்ததாக முடிந்தது ஒரு கப்பல். வசந்தி, உங்கள் மேசையில் இருக்கிறதே, அதே கப்பல்தான். வாங்குகிறவர்கள் அதைப் பொரளைவரைக்கும் கொண்டுபோக வேண்டும். வழியில் எத்தனை இடத்தில் பெட்டியைத் திறப்பார்களோ. ஐயா கப்பலைக் காதருகில் வைத்து ஆட்டினார். சத்தமில்லை. “ம்” சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை. மேசையில் வைத்து, பாய்மரத்தை மெல்ல உருவி, அடியில் நான் சுற்றியிருந்த தாளை அவிழ்த்தார். மரத்தை மறுபடி செருகி ஆட்டினார். டக், டக் என்றது.

“ஒண்டை மட்டும் ஆட விடு, முத்தையா.”

“ஐயா, ஆடுதுங்களே.”

“ஆடட்டும். ஆட்டிப் பாக்கிறவனுக்குக் கேக்கவேணும். சிரிப்பு வரவேணும்.”

சோமபால பின்னாலிருந்து, “ஐயா, பட்டறைக்குப் பெயர் கெட்டுப்போகும்,” என்றார்.

“கெடட்டும்.”

அன்றிலிருந்து பட்டறையை விட்டுப் போன எந்தச் சாமானும் ஆடாமல் போகவில்லை. அதையும் முறையாகத்தான் செய்தோம். ஆட வேண்டும், ஆனால் விழக் கூடாது. பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியக் கூடாது, தூக்கி ஆட்டினால் மட்டும் கேட்க வேண்டும். ஒரு சுற்றைக் குறைத்து, உள்ளே நூலால் ஒரு முடிச்சுப் போட்டு நிறுத்துவேன். ஓரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, “என்ன, இது ஆடுது?” என்று முகம் சுளித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். ஐயா அதற்குப் பிறகு காதருகில் வைத்தது சத்தம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். சத்தம் கேட்டால் வைத்துவிட்டுப் போவார். அந்த “ம்” என்ற சொல்லை நான் பிறகு கேட்கவில்லை.

நகுலன் மாஸ்டர் அடுத்த வருட மழையும் போய், அதற்கடுத்த மழையில்தான் வெளியே வந்தார். வழக்கு ஒன்றும் இல்லை என்று விட்டார்களாம். புவனாவோடு பட்டறைக்கு வந்தார். வெளிநாட்டுக்குப் போக முன்னர் ஒரு தரம் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று சொன்னாராம். ஒரு காது கேட்பதில்லை என்று புவனா சொன்னார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஐயா அவருக்குக் கதிரை போட்டார். நான் தேத்தண்ணி வாங்கி வந்தேன். மாஸ்டர் மேசையில் இருந்த ரயில் எஞ்சினை எடுத்தார். அன்று காலை முடித்த சாமான். ஐயா செய்வதுபோலவே இரண்டு கையாலும் தூக்கி, கேட்கிற காதருகில் கொண்டுபோய் மெல்ல ஆட்டினார். உள்ளே டக் என்றது. மறுபடியும் ஆட்டினார். மறுபடியும் டக்.

“ஐயா,” என்றார். “இது கதைக்குது.”

“ஓம் மாஸ்டர்,” என்றார் ஐயா. “கதைக்கட்டும்.”

மாஸ்டர் கொஞ்ச நேரம் அந்த எஞ்சினைக் கையில் வைத்திருந்தார். விளங்கியதும் அதை மிக மெதுவாக மேசையில் வைத்தார். பிறகு ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டார். சோமபால எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். அந்த முற்றத்தில்தான் ரொக்கெட் அவர் தலையில் வந்து உட்கார்ந்தது.

வசந்தி, உங்கள் அப்பாவுக்குக் கை விடவில்லை. கடைசிச் சாமான்வரை அவர் கை கையாகத்தான் இருந்தது. இதை நான் அன்றைக்கே உங்கள் முன்னால் சொல்லியிருப்பேன். அந்தப் பிள்ளைகள் சிரித்த பிறகு எனக்கு வாய் வரவில்லை.

இனி, பழுதுபார்க்கிறவர்களுக்கு. கப்பலின் அடித்தட்டில் ஆணி இல்லை, நகத்தால் நெம்பினால் வரும். உள்ளே, பாய்மரக் குழிக்குப் பக்கத்தில், மெழுகு தேய்த்த தாள் ஒன்று மடித்து ஒட்டியிருக்கும். ஐயா அன்று அவிழ்த்த தாள் அதுதான். எஞ்சினிலும் அணைக்கட்டிலும் இதயத்திலும் அப்படியே இருக்கும், தேடிப் பாருங்கள். எதிலும் அவர் அதை எறியவில்லை. “ஒருநாள் ஆருக்காவது தேவைப்படும்,” என்று சொல்லி ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். அளவு சரியாக இருக்கும், புதிதாக வெட்ட வேண்டாம். முனையை மெலிதாக்கி ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், ஆடாது. உங்கள் ரொக்கெட்டின் மூக்குக்கும் அதே முறைதான்.

இப்போது வழியில் பெட்டியைத் திறந்து ஆட்டிப் பார்க்கிறவர்கள் இல்லை. இறுக்கிவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அன்று உங்கள் மேசையருகே நின்றபோது கப்பலைக் கையில் எடுத்துவிட்டு, அப்படியே வைத்துவிட்டேன். அதை நீங்கள் செய்யுங்கள்.

இன்று காலை முகத்துவாரத்துக்குப் போய்க் கடலில் தலைமுழுகி, என் அப்பாவின் பேரோடு ஐயாவின் பேரையும் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்து, இதை எழுதி முடித்தேன்.

கொட்டாஞ்சேனை,
ஆடி அமாவாசை.